பராமரிப்பில்லாமல் கிடந்த பழைய ஃபோர்வீல் வண்டியை வாங்கிய பிறகு: மலைநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் பழைய ஃபோர்வீல், அதாவது நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி, வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. டீசல் பஜேரோ, பழைய மிட்சுபிஷி ஜீப், லேண்ட் ரோவர், ஹைலக்ஸ், பெற்றோல் ஜிம்னி போன்ற வண்டிகளை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. தோட்டத்து ஷெட்டிலோ வீட்டு முற்றத்திலோ இரண்டு மூன்று மழைக்காலம் நின்ற வண்டிக்குள் எந்த வழியிலாவது தண்ணீர் போயிருக்கும். பிரேக் ஒயிலில், ஆக்சிலின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃப்பில், டீசல் டேங்கில், அடிச்சட்டமான சேசிஸுக்குள், வயர் கனெக்டரில் என்று அதைத் தேடிப் பிடிப்பதுதான் பாதி வேலை.

1. ஜீப்ப வாங்கி வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். மொதல்ல எதுல கை வைக்கிறது?

வண்டியை நிறுத்தும், திருப்பும், தாங்கும் பாகங்களில். அதாவது பிரேக், ஸ்டியரிங், டயர். அடுத்தது எல்லா ஒயிலும். பிறகு கூலிங், டைமிங் பெல்ட், டீசல் லைன். துருவும் டிங்கரிங்கும் அதற்குப் பின். பெயின்ட் கடைசி. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயின்டுக்கும் சீட் கவருக்கும் காசு போன பிறகு பிரேக் சிலிண்டருக்குக் கையில் காசு இருப்பதில்லை.

செலவில்லாத முதல் சோதனை ஒன்று இருக்கிறது. அண்டர் வோஷ் செய்து, சமதரையில் நிறுத்தி, அடியில் பெரிய காட்போட் மட்டைகளை விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் எந்த இடத்தில் என்ன சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். கறுப்பு என்றால் எஞ்சின் ஒயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் அல்லது டிஃப் ஒயில். சிவப்பாக மெல்லியதாக இருந்தால் பெரும்பாலும் பவர் ஸ்டியரிங். பச்சை அல்லது சிவப்புத் தண்ணீர் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கத்துக்கு நேரே நிறமில்லாத, வழுவழுப்பான ஈரம் இருந்தால் அது பிரேக் திரவம். அதைச் சரி செய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

2. பேப்பர் வேலைய பிறகு பாத்துக்கலாமா?

கூடாது. ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். பழைய ஃபோர்வீலில் எஞ்சின் மாற்றியிருப்பது சாதாரணம். அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்படாமல் இருப்பதும் சாதாரணம். சேசிஸ் இலக்கம் உள்ள இடம் துருப்பிடித்திருந்தால் அதை அரத்தால் ராவாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் மட்டும் துடையுங்கள். இலக்கம் அழிந்தால் வண்டிக்கு அடையாளமே இல்லை.

லீசிங் கடன் பாக்கி இருக்கிறதா, வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் புதுப்பிக்கப்படவில்லை என்பதையும் பாருங்கள். அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். புகை பற்றி 10ஆம் கேள்வியில்.

3. எஞ்சின் ஒயில் மாத்துனா போதாதா? எல்லா ஒயிலும் மாத்தணுமா?

ஃபோர்வீலில் ஒயில் இருப்பது ஐந்து இடங்களில்: எஞ்சின், கியர் பொக்ஸ், முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃப், பின் டிஃப். முதலாவதை மட்டும் மாற்றி மற்ற நான்கையும் பல வருடம் தொடாமல் விட்ட வண்டிகள்தான் அதிகம். பழைய டீசலுக்கு 15டபிள்யூ-40 எஞ்சின் ஒயில் பொருந்தும். டிஃப்புக்கு ஜீஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90. கியர் பொக்ஸுக்குக் கையேடு ஜீஎல்-4 என்று சொன்னால் அதையே ஊற்றுங்கள். ஜீஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்க்கை சில பொக்ஸ்களில் கியரை இலகுவாக மாற்ற உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களைத் தின்றுவிடும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டட் ஸ்லிப் டிஃப் என்றால் அதற்குரிய ஒயில் மட்டும்.

முக்கியமான ஒரு விடயம்: மேலே உள்ள நிரப்பும் பிளக் கழலுகிறதா என்று முதலில் பாருங்கள். அதன் பிறகே கீழ் பிளக்கைத் திறக்க வேண்டும். கீழ்ப் பிளக்கைத் திறந்து ஒயிலை வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்து அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். பிளக்கில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் பசை மாதிரி ஒட்டியிருப்பது வழமையான தேய்மானம். விரலில் குத்தும் துண்டு இருந்தால் உள்ளே பல்லோ பெயரிங்கோ உடைந்திருக்கிறது.

4. பின் டிஃப்ல இருந்து பால் தேத்தண்ணி மாதிரி வந்துச்சு. அது என்ன?

தண்ணீர் கலந்த ஒயில். டிஃப்பின் மேல் ஒரு சின்ன மூச்சுக்குழாய், அதாவது பிரீதர் இருக்கும். ஓடிச் சூடான ஆக்சிலை ஓடைத் தண்ணீரில் இறக்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர் சேறு அடைத்துக் கிடந்தால் அந்த உறிஞ்சல் ஒயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். சீலை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் அதே கதைதான்.

பிரீதரைக் கழற்றி, ஊதிப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, உயரமான இடம் வரை இழுத்துக் கட்டினால் இன்னும் நல்லது. மலிவான அதே தர ஒயிலை ஊற்றி 20, 30 கிலோமீற்றர் ஓட்டி, சூட்டோடு வடியுங்கள். வருவது தெளியும்வரை இதைச் செய்துவிட்டு நல்ல ஒயிலை நிரப்புங்கள். நிரப்பும் துளையின் விளிம்பு வரை வந்தால் போதும்.

5. பிரேக்க மிதிச்சா கீழ வரைக்கும் போய்த்தான் புடிக்குது. எறக்கத்துல இன்னும் மோசம். புது பேட் போட்டா சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. நியமப்படி டொட் 3 தரத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியதும் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடுகிறது. டொட் 4க்கு இதே கணக்கு 230, 155. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் பழைய திரவம் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும், பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குங்கள்.

வேலை இந்த வரிசையில்: நான்கு சக்கரத்தையும் கழற்றி, டிரம்களைத் திறந்து, சக்கரச் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல நெம்பிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் போய்விட்டது. ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள்; வெடிப்புத் தெரிந்தால் எல்லா ஹோஸையும் ஒன்றாக மாற்றுங்கள். இரும்புக் குழாய்கள் பின் ஆக்சிலின் மேல் சேறு தேங்கும் இடத்தில்தான் துருப்பிடித்து மெலியும். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனதைக் கடைந்து பயனில்லை. பின் டிரம் லைனரை, சக்கரம் சுழலும்போது இலேசாக உரசும் அளவுக்கு அஜஸ்ட் செய்தாலே பெடல் பாதி மேலே வந்துவிடும்.

பிறகு ஒரு லீற்றர் புதிய திரவத்தோடு முழுவதையும் மாற்றுங்கள். வழமையான வலக்கைச் செலுத்தல் வண்டியில் பின் இடம், பின் வலம், முன் இடம், முன் வலம் என்று தூரத்திலிருந்து கிட்ட வர வேண்டும். பின் ஆக்சிலோடு கம்பியால் இணைந்த சுமை வால்வு இருந்தால் அது இறுகிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். பெடல் மிதிக்கவே கல் மாதிரி இறுக்கமாக இருந்தால் அது வேறு கோளாறு. பல ஜப்பானிய டீசல்களில் ஒல்டனேட்டரின் பின்னால், பிரேக் மிதிக்கு உதவும் வேக்குவம் பம்ப் இருக்கும். அதையும் அதன் ஹோஸையும் சோதியுங்கள்.

6. எல்லாம் மாத்தியும் பிரேக் அடிச்சா ஒரு பக்கம் இழுக்குதே?

வண்டி இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கம்தான் வேலை செய்யவில்லை. அங்கே கேலிப்பரின் வழுக்கும் பின்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது ஹோஸ் உள்ளே வீங்கித் திரவத்தைத் தடுக்கும். பின் சக்கரம் என்றால் ஆக்சில் ஒயில் சீல் கசிந்து லைனரை நனைத்திருக்கும். ஒயில் ஊறிய லைனரைப் பெற்றோலில் கழுவிப் போடாதீர்கள். சூடானதும் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும்.

7. டைமிங் பெல்ட் எப்ப மாத்துனாங்கன்னு தெரியல. வித்தவர் போன வருஷம்னு சொல்றார்.

பில் இல்லை என்றால் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பஜேரோ, எல்200 வண்டிகளில் வரும் 2.5 லீற்றர் 4டி56 எஞ்சினில் இரண்டு பெல்ட் உண்டு. ஒன்று வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங், மற்றது அதிர்வைக் குறைக்கும் பலன்ஸ் ஷாஃப்டுக்கான சின்ன பெல்ட். சின்னது அறுந்து பெரியதற்குள் சிக்கினால் டைமிங் நழுவி, வால்வு பிஸ்டனில் மோதி, ரொக்கர் ஆம்கள் உடையும். ஆகவே இரண்டு பெல்ட்டையும், டென்ஷனர்களையும், முன் ஒயில் சீல்களையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். வோட்டர் பம்ப்பில் கசிவோ ஆட்டமோ தெரிந்தால் அதையும் அப்போதே மாற்றினால் கூலி மிச்சம்.

2.8 லீற்றர் 4எம்40 எஞ்சினில் சங்கிலி, பெல்ட் இல்லை. உங்கள் எஞ்சின் எது என்று எஞ்சின் இலக்கத்தின் முன்பகுதியைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

8. கினிகத்தேனையில இருந்து ஹட்டன் ஏறுறப்ப சூடு ஏறுது. தெர்மோஸ்டாட்ட கழட்டி விடச் சொல்றாங்க அண்ணே, செய்யலாமா?

செய்யாதீர்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் கீழ்த்தட்டுத்தான் சூடானதும் பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குள் சுற்றும். ஏற்றத்தில் சூடு இன்னும் கூடும். குளிர்ந்த காலையில் எஞ்சின் சூடேறாமல் ஓடித் தேயும்.

முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கூலன்ட் கொதிக்காமல் நிற்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி சமவெளியில் தப்பிக்கும், மேலே வந்ததும் பொங்கும். விலை குறைந்த சாமான் என்பதால் புதியதைப் போட்டுவிடுங்கள்.

அடுத்து ரேடியேட்டரின் இறக்கைகளில் அடைந்த சேற்றை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத் தண்ணீரால் கழுவுங்கள். சூட்டுக்கேற்ப இறுகிச் சுழலும் விஸ்கஸ் ஃபேன், எஞ்சினை நிறுத்திய சூட்டில் கையால் சுற்றும்போது கனமாக இருக்க வேண்டும். காற்றாடி மாதிரி சுழன்றால் அது போய்விட்டது. இவ்வளவும் சரியாக இருந்தும் சூடாகிறது என்றால், குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். விடாமல் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட் வெடிப்பு. நிரப்புவதற்குக் கூலன்டும் சுத்தமான தண்ணீரும் பாதிப் பாதி. பீலித் தண்ணீர் மட்டும் ஊற்றிய எஞ்சின் உள்ளுக்குள் துருப்பிடிக்கும்.

9. காலைல லேசுல ஸ்டார்ட் ஆகாது. வெள்ளப் புகையா அடிச்சிட்டு நிக்குது.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழும் காலைகளில் டீசலுக்கு, எஞ்சினை உள்ளே சூடாக்கும் குளோ பிளக் இல்லாமல் முடியாது. இணைப்புத் தகட்டைக் கழற்றி ஒவ்வொன்றையும் மீற்றரில் அளந்தால், நல்ல பிளக் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும். முடிவிலி என்றால் எரிந்துவிட்டது. பிளக் எல்லாம் நன்றாக இருந்து, அதற்கு மின்சாரம் வரவில்லை என்றால் ரிலே அல்லது அந்தத் தகட்டின் துரு.

பிளக் சரி என்றால் டீசல் லைனில் காற்று இழுக்கிறதா பாருங்கள். ஃபில்டருக்கு மேலுள்ள கைப்பம்ப்பை அழுத்தும்போது உடனே இறுக வேண்டும். தினமும் காலையில் லொட லொட என்று இருந்தால் எங்கோ ஹோஸ் வெடித்திருக்கிறது. ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். குளோ பிளக் உள்ள எஞ்சினுக்குள் ஈதர் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம். பிஸ்டன் உடையும், ஆளுக்கும் ஆபத்து.

10. ஏத்தத்துல கறுப்பா புகையுது, இழுவையும் இல்ல. பம்ப்ப கொஞ்சம் கூட்டிவிட்டா இழுக்குமாம். உண்மையா?

புகைதான் கூடும். கறுப்புப் புகை என்றால் டீசலுக்குப் போதிய காற்று இல்லை. நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே கொஞ்சம் சோம்பித்தான் போகும். அதற்கு மேலும் டீசலைக் கூட்டினால் பிஸ்டன் சூடாகும், ஒயில் கரியாகும், 2ஆம் கேள்வியில் சொன்ன பரிசோதனையிலும் தவறும்.

ஏர் ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நின்ற வண்டியில் எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு. டர்போ இருந்தால் அதிலிருந்து போகும் ஹோஸ்களில் வெடிப்புத் தேடுங்கள். அதன் பிறகு இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனைக் கூடத்தில் அழுத்தமும் தெளிப்பும் பார்க்கக் கொடுங்கள். நீலப் புகை ஒயில் எரிவது. அது 15ஆம் கேள்விக்குப் போகும்.

11. அடிக்கு கறுப்பா அண்டர்கோட் அடிச்சிருக்கு. துரு பயம் இல்ல தானே?

விற்பதற்கு முன் அடித்த அண்டர்கோட்தான் அதிகம் பயப்பட வேண்டியது. துருவின் மேல் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, வெளியே தெரியாமல் இரும்பைத் தின்னும். சின்னச் சுத்தியலோடு அடியில் படுத்து, சேசிஸை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணி மாதிரி ஒலிக்கும். துருப்பிடித்த இடம் மட்டையைத் தட்டியதுபோல் சொத்தென்று கேட்கும், செதில் உதிரும். பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், பொடி மவுண்ட்கள், குறுக்குச் சட்டங்களின் மேல்பக்கம், கதவுக்குக் கீழுள்ள சில், கார்ப்பெட்டுக்கு அடியில் தரை, கண்ணாடிச் சட்டம் ஆகியவற்றில் நேரம் எடுத்துப் பாருங்கள். உர மூட்டை ஏற்றிய தோட்டத்து வண்டி என்றால் பின்பகுதியை இரண்டு தடவை பாருங்கள். யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் ஈரத்தோடு சேர்ந்து தகட்டை வேகமாக அரிக்கும்.

மேலோட்டமான துருவுக்கு வயர் பிரஷ், பொஸ்பரிக் அமிலம் கலந்த துரு மாற்றி, எபொக்சி பிரைமர், அதன் மேல் சேசிஸ் பெயின்ட். சேசிஸ் பெட்டிக்குள் துளைகள் வழியாக மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள். தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். இதை வரண்ட நாட்களில், வண்டி நன்றாகக் காய்ந்த பிறகு செய்ய வேண்டும். மூடுபனி இறங்கும் மாலையில் அடித்த பெயின்ட் உரிந்து வரும்.

ஓட்டை விழுந்த சேசிஸுக்கு ஒட்டு வேலை வேண்டாம். அழுகியதை வெட்டி எடுத்து, அதே தடிப்புத் தகடு வைத்து வெல்ட் செய்ய வேண்டும். மேலே போடும் வலுத்தகட்டின் முனைகளைச் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். நேர் செங்குத்தான வெல்ட் கோட்டில்தான் சேசிஸ் பின்னர் வெடிக்கும். வெல்ட் செய்யும் முன் பற்றரியின் இரு முனைகளையும் ஒல்டனேட்டர் வயரையும் கழற்றிவிடுங்கள்.

12. ஃபோர்வீல் உண்மையிலேயே வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டேஷ்போர்ட்டில் விளக்கு எரிவதை நம்ப வேண்டாம். முன் சக்கரத்தை ஆக்சிலோடு கையால் பூட்டும் ஃப்ரீவீல் ஹப் உள்ள வண்டியில் இப்படிச் செய்யுங்கள்: சமதரையில் பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சின் நிறுத்தியபடி, ஒரு கியரிலும் 4எச்சிலும் (ஃபோர்வீல், சாதாரண வேகம்) போடுங்கள். ஹப் திறந்த நிலையில் சக்கரம் கையோடு சுற்ற வேண்டும். இரண்டு பக்க ஹப்பையும் பூட்டியதும் சுற்றக் கூடாது. மறுபக்கமும் இதேதான். பூட்டியும் சுற்றினால் ஹப்பைக் கழற்றிக் கழுவி, மெல்லிய பூச்சாக மட்டும் கிரீஸ் போடுங்கள். கிரீஸை அடைத்து வைத்தால் குளிரில் இறுகி ஹப் ஏறாது.

4எல்லுக்கு (ஃபோர்வீல், மெதுவான இழுவை), வண்டி முழுதாக நின்ற பிறகு கிளட்ச்சை மிதித்து லீவரைப் போடுங்கள். வருடக்கணக்கில் தொடாத லீவர் இறுகியிருந்தால் அடித்து இழுக்க வேண்டாம். இணைப்புகளுக்கு ஒயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள்.

13. மழைக்கு 4எச் போட்டுத் தார் ரோட்டுல போனா பாதுகாப்பு தானே?

தேவைப்படும்போது மட்டும் ஃபோர்வீல் போடும் சாதாரணப் பார்ட்-டைம் அமைப்பில் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின்னதைவிட நீண்ட வழி போகின்றன. இரண்டு ஷாஃப்டும் பூட்டப்பட்டிருப்பதால் அந்த வித்தியாசம் முறுக்கமாகத் தேங்கும். மண்ணில் டயர் சறுக்கி அதை விடுவிக்கும், பிடிப்புள்ள தாரில் டிரான்ஸ்ஃபர் கேஸ் அதைத் தாங்க வேண்டும். லீவர் திரும்ப வராமல் சிக்கிக்கொண்டால் சில அடி பின்னால் எடுத்தால் விடும். சுப்பர் செலக்ட் என்ற அமைப்பு உள்ள பஜேரோவில், முன் பின் வித்தியாசத்தை ஏற்கும் நடு டிஃப் இருப்பதால் 4எச் தாரிலும் போகலாம். நடு டிஃப் பூட்டும் நிலை மட்டும் கூடாது.

இதே காரணத்தால் நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று பழைய டயரை நம்பாதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 3116 என்றால் 2016ஆம் ஆண்டின் 31ஆம் வாரம். பத்து வருடம் தாண்டியதை, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், கழற்றுங்கள்.

14. அறுபதுல போறப்ப ஸ்டியரிங் கையில நிக்காம ஆடுது. டம்பர் மாத்துனா நிக்குமா?

ஸ்டியரிங்கின் அதிர்வைத் தாங்கும் டம்பர் ஆட்டத்தை மறைக்கும், காரணத்தை நீக்காது. முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அசைந்தால் வீல் பெயரிங், அல்லது வண்டியைப் பொறுத்து கிங்பின் அல்லது போல் ஜொயின்ட். இடமும் வலமும் ஆட்டும்போது அசைந்தால் டை ரொட் முனைகள், ஸ்டியரிங் பொக்ஸ். யாராவது பிரேக்கை மிதித்திருக்கும்போது ஆட்டம் நின்றுபோனால் அது பெயரிங்தான். வீல் பலன்ஸ் செய்து, இலை ஸ்பிரிங் புஷ்களைப் பார்த்து, கடைசியாக டம்பர். ஸ்பிரிங்கைக் கழற்றினால் புதிய யூ-போல்ட் போட்டு, 500 கிலோமீற்றருக்குப் பிறகு மறுபடி இறுக்குங்கள்.

15. எஞ்சினைக் கட்டுறதா, ஜப்பான் எஞ்சின் ஒண்ணு வாங்கிப் போடுறதா?

முதலில் இருப்பதை அளந்து பாருங்கள். சூடான எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து வாய்மேல் தலைகீழாக வையுங்கள். இலேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்து, விடாமல் புகையும் வந்தால் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. பிறகு கம்ப்ரெஷன் சோதனை: கையேட்டின் எல்லையோடு, சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவு என்றால் வால்வோ கேஸ்கட்டோ ஆக இருக்கலாம். அதற்காக எஞ்சினையே மாற்றத் தேவையில்லை.

பாவித்த எஞ்சின் வாங்குவதானால் ஓட விட்டுப் பார்த்து, இதே மூடிச் சோதனையைச் செய்து, சுங்க ஆவணமும் பில்லும் கேட்டு வாங்குங்கள். பதிவில் மாற்ற அவை வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடுபவர்கள் கியர் பொக்ஸ், டிஃப், கதவு, கண்ணாடி, ஒல்டனேட்டர் ஆகியவற்றைப் பாவித்ததாக வாங்கலாம். பிரேக் ரப்பர், ஹோஸ், ஒயில் சீல், பெல்ட், போல் ஜொயின்ட் எப்போதும் புதியவை. பழைய சாமானைக் கையில் கொண்டு போங்கள். டிஃப் என்றால் முன் பின் இரண்டிலும் பல் எண்ணிக்கை விகிதம் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே எண்ணிப் பாருங்கள். விகிதம் மாறினால் 13ஆம் பதிலில் சொன்ன முறுக்கம், ஃபோர்வீல் போட்டதும் நேர் பாதையிலேயே வரும்.